சஷ்டிக்குக் கோதுமைக் கஞ்சி

கோதுமை ரவைக் கஞ்சி கொதிக்கிற வாடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் இன்றைக்கும் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நனைந்த சாக்கின் வாடை அது. ஏழு வருஷம் அதைக் குடித்தேன், அதுவும் பக்தியோடு. நினைத்தாலே குமட்டுகிறது.

கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்த இரண்டாம் வருஷம், தொண்ணூற்றொன்றோ இரண்டோ, கழுத்து வீங்கியது. வண்ணார்பேட்டையில் பார்த்த டாக்டர் தைராய்டு என்றார். உடம்பே அந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அரிக்கிறதாம். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. முகம் உப்பியிருந்ததைப் பார்த்து, "ராத்திரி சோத்தை விட்டுட்டு கோதுமையாச் சாப்பிடும்மா" என்று கூடுதலாக ஒரு யோசனையும் சொன்னார்.

மாத்திரையின் அளவு வருஷா வருஷம் கூடியது. நானோ மோசமாகிக்கொண்டே போனேன். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பேட்டை பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள் எழுந்து இடம் கொடுத்து, "எத்தனை மாசம்?" என்பார்கள். வாயு என்றா சொல்ல முடியும்? "அஞ்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் எல்லாருக்கும் ஒரே கக்கூஸ். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதற்கு ஓடுவேன். எனக்குப் பின்னால் போகிறவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என் உடம்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

இதற்கு நடுவில் இரண்டு கர்ப்பம் மூன்றாம் மாதம் தாண்டாமல் கலைந்தது. மாமியார் சஷ்டி விரதம் பிடிக்கச் சொன்னார். மற்ற வீடுகளில் இட்லியும் தோசையும் விரதப் பலகாரம்தான். என் மாமியாருக்கு அரிசி எந்த உருவத்தில் வந்தாலும் ஆகாது. "ஒரு பருக்கை பட்டாலும் விரதம் போச்சுட்டி" என்பார். ஆகவே கோதுமைக் கஞ்சி, கோதுமை உப்புமா, சப்பாத்தி, மறுபடியும் கஞ்சி. அல்வா ஊரில் இருந்துகொண்டு கோதுமையைத் திட்டுகிறாளே என்று என்னைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அல்வா வருஷத்துக்கு நாலு தடவை. என்னைத் தின்றது கஞ்சிதான்.

மூன்றாவது தடவை உண்டாகியிருந்தபோது ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் கஞ்சி. ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டில் யாருமில்லை. கணவருக்கு வடித்திருந்த சோற்றுப் பானையைத் திறந்து ஒரு கை அள்ளி, மோரை ஊற்றி, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே விழுங்கினேன். அன்றைக்கு முழுவதும் வயிறு வலிக்கவில்லை. அதைக்கூட நான் யோசிக்கவில்லை, பயந்துகொண்டே இருந்தேன்.

சூரசம்ஹாரம் முடிந்த மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. அழுதுகொண்டே நானாகப் போய் மாமியாரிடம் சோற்றைப் பற்றிச் சொன்னேன். "அதாம் பாத்தேன். நீயே வாரிக் கொட்டிட்டியேட்டி" என்றார். நான் கணவரைப் பார்த்தேன். "அம்மா சும்மாவா சொல்லுதா?" என்றார் அவர். திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்கள். கடலில் முங்கி, ஈரச் சேலையோடு மணலில் விழுந்து, ஒரு கைச் சோற்றுக்காக மன்னிப்புக் கேட்டேன். அபராதமாகச் செவ்வாய்க்கிழமைகளிலும் கஞ்சி குடிப்பதாக நேர்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் போனது. இவ்வளவு மாத்திரை போட்டும் ஏன் ரத்தத்தில் ஏறவில்லை என்று முதலில் கேட்டவர் மதுரையில் ஒரு குடல் டாக்டர், வடக்கே படித்தவர். வாய்வழியே குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துச் சோதித்தார். "கோதுமை உள்ளே போனால் உங்க உடம்பு உங்க குடலையே தாக்குது. தைராய்டு இப்படி இருக்கிறவங்களில் சிலருக்கு இதுவும் சேர்ந்து வரும். குடல் தேய்ஞ்சு கிடக்கு, மாத்திரை எங்கே ஒட்டும்?" என்றார். கர்ப்பம் கலைந்ததற்கும் இதுதானா என்று கேட்டேன். "அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம்" என்றார். "இனிமே கோதுமை வேண்டாம். தாராளமாச் சோறு சாப்பிடுங்க."

கோதுமையை விட்ட ஆறு மாதத்தில் மாத்திரை பாதியாகக் குறைந்தது. வயிறு வடிந்தது. பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. குழந்தை பிறக்கவில்லை.

அடுத்த சஷ்டிக்குக் கூடத்தின் நடுவில் இலை போட்டுச் சோற்றைக் குவித்து உட்கார்ந்தேன். "விரதத்தன்னைக்குச் சோறா? கருமம்" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கந்த சஷ்டி ஆறு நாளில் என் வயிற்றுப் பிள்ளைக்கு நான் கொடுத்த நல்ல சாப்பாடு அந்த ஒரு கைச் சோறு மட்டும்தான். அதைக் கொடுத்ததற்குத்தான் மணலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், தூ.