கிழக்கே பார்த்து நின்ற டெம்போ

எங்கள் டெம்போவை நிறுத்த தாராவிக்குள் இடம் கிடையாது. எங்கள் சந்தில் எதிரே ஓர் ஆள் வந்தாலே நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் அப்பா மாட்டுங்கா பக்கம் ஓர் அகலமான ரோட்டோரத்தில்தான் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவார். அந்த வருஷம் அங்கே புதிதாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். எல்லாம் சாய்வுக் கோடு. வண்டிகளும் கோட்டோடு கோடாகச் சாய்ந்து, மூக்கை நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று காலை அம்மா தாம்பாளத்தோடு வந்து வண்டியைப் பார்த்தாள். வண்டி கிழக்கையும் பார்க்கவில்லை, வடக்கையும் பார்க்கவில்லை.

“அக்கினி மூலையப் பாத்து நிக்க வண்டிக்கு யாராவது சூடம் காட்டுவாங்களா?” என்றாள்.

அப்பா கோட்டைக் காட்டிக் கொஞ்ச நேரம் வாதாடினார். அம்மாவிடம் அது எடுபடாது என்று அவருக்கும் தெரியும். கடைசியில் வண்டியை எடுத்து, இரண்டு கோட்டுக்குக் குறுக்கே, நேர் கிழக்காக நிறுத்தினார். மாலை போட்டு, பொரி கடலை படைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடம் ஏற்றிய நேரத்தில் டிராபிக் போலீஸ்காரர் பைக்கில் வந்து நின்றார். சூடம் அணைகிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, அப்புறம் லைசென்ஸைக் கேட்டார். வண்டியைக் கோணலாக நிறுத்தியிருக்கிறாயாம். அந்த ரோட்டிலேயே நேராக நின்றது எங்கள் வண்டி ஒன்றுதான்.

அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, லைசென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேசுவதென்றால் சாயங்காலம் போலீஸ் சௌக்கிக்கு வந்து பேசு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலை ஒரு பட்டறையிலிருந்து தோல் பைகளை ஏற்றிக் குர்லாவுக்குக் கொண்டு போகிற வேலை இருந்தது. அந்தப் பட்டறை முதலாளி அப்பாவுக்குக் கொடுத்த முதல் லோடு. வண்டி வரவில்லையென்றால் வேறு டெம்போவைக் கூப்பிட்டுவிடுவார், அதோடு சரி. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப் பிடிபட்டால் வண்டியே போய்விடும். இதையெல்லாம் அப்பாவும் அம்மாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒற்றை அறை வீட்டில் தணிந்த குரல்தான் நன்றாகக் கேட்கும்.

சாயங்காலம் அப்பா, “எட்டி, நல்ல கவுனா எடுத்து மாட்டு. நீயும் வா” என்றார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “பொட்டப் பிள்ளைய எதுக்குங்க போலீசு இருக்க எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீய?”

“இவதான பள்ளிக்கூடத்துல மராத்தி படிக்கா. எனக்கு இந்திதான் வரும். அவங்க பாஷையில ஒரு வார்த்த சொன்னா மனசு எளகும்லா.”

நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். மராத்தி ஒரு பாடம், அவ்வளவுதான். பின்னால் நான் ஏழாவதோடு நின்றதற்கு அந்த அரைகுறை மராத்தியும் ஒரு காரணம். எங்கள் மராத்திப் புத்தகத்தில் மழை இருந்தது, மயில் இருந்தது. டெம்போ இல்லை. போகிற வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். மரியாதை குறைந்து ஏதாவது சொல்லிவிட்டால் அப்பாவை உள்ளே வைத்துவிடுவார்களோ? வைத்தால் நான் தனியாக எப்படி வீட்டுக்குத் திரும்புவது? சிக்னலை யார் கையைப் பிடித்துக் கடப்பது?

சௌக்கி ஒரு சின்னத் தகர அறை. எங்களுக்கு முன்னால் ஒரு டாக்சிக்காரப் பையன் தனியாக வந்திருந்தான். அவன் ஏதோ எதிர்த்துச் சொன்னான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்து வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா என்னைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்தி, என் இரண்டு தோளிலும் கை வைத்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். லீவு நாள், ரோடு காலியாகக் கிடந்தது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை, பூஜை முடிந்ததும் கோட்டுக்குள் திருப்பி விடுவதாகத்தான் இருந்தேன் என்றார். வாய்தான் மளமளவென்று பேசியது. தோளில் இருந்த கை அசையவே இல்லை.

அதிகாரியும் இந்தியிலேயே கேட்டார். “உங்க சாமிக்கு வண்டி சாய்ஞ்சு நின்னா கண்ணு தெரியாதா?”

“சாமிக்குத் தெரியும் சாப். என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியாது.”

ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. அப்பாவை முறைத்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். எத்தனையாவது படிக்கிறாய் என்று மராத்தியில் கேட்டார். கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. ஐந்து விரலைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தார். அப்புறம் டிராயரைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேசையில் போட்டார். அப்பா கையிலிருந்த சீட்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள். “இவ பேசுனாளா?”

“இவ வரலன்னா லைசென்ஸ் வந்திருக்காது” என்றார் அப்பா.

அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டு, இரண்டு கையும் நிறையப் பொரியை அள்ளிப் போட்டாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற அப்பா பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பொய் அம்மாவுக்கு என்றைக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பொரியைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.