அரண்மனைப் படமும் அம்மாவின் சிரிப்பும்

மாரிக்காலத்து ஞாயிறு மத்தியானங்களில் டுசல்டோர்ஃப் நகரமே போர்வைக்குள் கிடக்கும். யன்னலுக்கு வெளியே, பகலா இரவா என்று பிரிக்க முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். அப்பா உணவகத்து வேலைக்குப் போய்விடுவார். அம்மாவும் நானும் கால்களை நீட்டிக்கொண்டு, தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பாதி நித்திரையில் பார்த்துக்கொண்டிருப்போம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சித்திரையில் தொடங்கும் படிப்புக்கு மியூனிக்கில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. போக ஆசையாக இருந்தது. ஓம் என்று சொல்லத்தான் துணிவில்லை. அம்மாவுக்கு ஜெர்மன் வராது. வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் சின்ன வயதில் இருந்தே நான்தான் அவருடைய வாய். நான் போனால் அவர் என்ன செய்வார்?

அந்த ஞாயிறு ஓடியது ஒரு பழைய ஆங்கிலப் பகிடிப் படம், ஜெர்மன் குரலில். பெருத்த வயிறுள்ள ஓர் அரசன். ஆசை அதிகம், மூச்சு குறைவு. திரைச்சீலைக்குத் திரைச்சீலை ஒரு பணிப்பெண், கட்டிலுக்குக் கட்டில் கீழே ஒரு பிரபு. அம்மாவோடு இருந்து பார்க்கிற படமே இல்லை. ஆனால் ரிமோட் போர்வைக்குள் எங்கோ தொலைந்திருந்தது, எழும்பித் தேடவும் சோம்பல்.

ஆகவே வழக்கம்போல மொழிபெயர்த்தேன், நன்றாகத் துவைத்து வெளுத்து. அரசன் பணிப்பெண்ணின் இடுப்பைக் கிள்ளினால், "ராசா சாப்பாடு கேக்கிறார்." பிரபு காற்சட்டை இல்லாமல் ஓடினால், "ஆளுக்கு வேலைக்குப் பிந்திப்போச்சு." அம்மாவும் "ஓ, அப்படியோ" என்று பவ்வியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அரசி வந்தாள். பாதிரியாரின் முன் முழந்தாளிட்டு, கண்களைத் தாழ்த்தி மெல்லச் சொன்னாள்: மன்னர் கட்டிலுக்கு வந்து கடமையை முடித்துவிட்டுப் போவதற்குள், தன்னால் ஒரு கொட்டாவியைக்கூட முழுதாக விட முடிவதில்லையாம். பார்த்துச் சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு முகமும் செத்தவீட்டு முகம்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பள்ளிக்கூடப் பெட்டைபோலச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில் கேட்டதே இல்லை. நித்திரையாகிக் கனவு காண்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

"அம்மா, உங்களுக்கு விளங்கினதோ?"

சிரிப்பு நின்றது. "ஓம்."

"எவ்வளவு காலமா?"

"கொஞ்ச வருசமா. ஆசுப்பத்திரிக் குசினியில நாள் முழுக்க ஜெர்மன்காரரோடதானே நிண்டு சமைக்கிறன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பிறகேன் டொக்டரிட்ட, ஒஃபிசில எண்டு ஒவ்வொரு டெர்மினுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனனீங்கள்?"

அம்மா போர்வையின் கரையை நீவினார். "நீ வளந்திட்டாய். வீட்டில எப்பவும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறாய். டெர்மினுக்குப் போனா மட்டும் ட்ராமில எனக்குப் பக்கத்தில இருப்பாய்."

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதேன். படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"மியூனிக்குக்குப் போ, பிள்ளை," என்றார். "எனக்கு ஒரு குறையும் வராது."

அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் மியூனிக்குக்குத் தொலைபேசி எடுத்து, வருகிறேன் என்று சொன்னேன்.