ஏழாம் நம்பர் ஹெல்மெட்

நான் ஜெர்மனியில் பாலம் கட்டுகிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாதான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். சத்தியமாக, நான் ஒரு குட்டிச்சுவர்கூடக் கட்டியதில்லை. மற்றவர்கள் கட்டுவதை ஓரமாக நின்று பார்த்து, ஏன் தாமதம், ஏன் விரிசல், ஏன் சண்டை என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. ஸ்டுட்கார்ட்டில் அதற்குப் பேராசிரியர் பதவி கொடுத்து, ஜன்னல் வைத்த அறையும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் போர்டில் மூன்று வார்த்தை எழுதுவேன்: நேரம், செலவு, தரம். மூன்றும் சொன்னபடி அமைந்தால் அந்தக் கட்டுமானம் வெற்றி. அப்படி மூன்றும் ஒன்றாக அமைந்த கட்டடத்தை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்பேன். ஒரு கையும் எழும்பாது. "அதனால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது" என்பேன். வருஷா வருஷம் அதே ஜோக். வருஷா வருஷம் சிரிக்கிறார்கள், பாவம்.

ஆரம்பத்தில் ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக மழையில் நின்று, யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார், எவ்வளவு நேரம் சும்மா காத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது சட்டைப் பட்டன் அளவு ஒரு கருவி. ஹெல்மெட்டில் ஒட்டிவிட்டால் போதும், ஆள் எங்கே போனாலும் என் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி நகரும். அப்பாடா, இனி சளி பிடிக்காது என்று சந்தோஷப்பட்டேன்.

நகருக்கு வெளியே பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, முயன்று பார்க்கச் சம்மதித்தது. இந்த நாட்டில் ஆளைக் கண்காணிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தொழிலாளர் பிரதிநிதிகள் மூன்று முறை உட்கார்ந்து பேசி, பெயர் எங்கும் வரக்கூடாது, நம்பர் மட்டும்தான் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புத்தம் புது வெள்ளை ஹெல்மெட்டுகளில் கருவியை ஒட்டிக் கொடுத்தேன். "விலை உயர்ந்த பொருள், பத்திரம்" என்று ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏழாம் நம்பர் போனது அந்தக் கட்டுமானத் தளத்தில் இருந்த ஒரே தமிழருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக வந்தவர். கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் வேலை, நம் ஊரில் சென்ட்ரிங் என்போமே, அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் நான் போகும்போது ஹெல்மெட்டைத் தலையில் அழுத்திக்கொண்டு ஓடி வந்து, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். முழங்கால் இரண்டும் போய்விட்டது என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கம்பெனியின் அடுத்த கட்டுமானத் தளத்துக்குத் தலைமை மேஸ்திரி தேடுகிறார்கள் என்று விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்காகச் சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் பாஸ் செய்திருந்தார்.

"அது கிடைச்சால் பலகை தூக்கத் தேவையில்லை, அக்கா. கிடைக்காட்டி, இந்தக் காலோட, பென்ஷன் வாற அறுபத்தேழு வயசு மட்டும் இழுக்க ஏலாது."

ஆறு வாரம் கழித்துப் புள்ளிகளைப் பிரித்துப் பார்த்தால், ஏழாம் நம்பர் நாள் முழுக்க, ஆட்கள் ஓய்வெடுக்கப் போட்டிருக்கும் கண்டெய்னர் அறையில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் கண்டெய்னர், மத்தியானம் கண்டெய்னர், சாயங்காலமும் கண்டெய்னர். செவ்வாய்க்கிழமை மட்டும், அதுவும் நான் அங்கே இருக்கும் நேரம் மட்டும், துள்ளிக்கொண்டு ஓடுகிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேநீரைக் கொடுத்தே ஏமாற்றியிருக்கிறாரே மனுஷன்! தமிழர் என்பதற்காக மறைக்கக் கூடாது என்று ஒரு வீறாப்பு வேறு. பார்க்க ஆள் இருந்தால் மட்டும் உழைக்கும் நடத்தை என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். பெயர் போடவில்லை. 'ஏழு, சென்ட்ரிங் குழுத் தலைவர்' என்று மட்டும் போட்டேன். ஒரு தளத்தில் அந்தக் குழுவுக்கு எத்தனை தலைவர்கள் இருப்பார்கள்? மெத்தப் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, அந்தத் தளத்தின் மேலாளர் போன் செய்தார். அறிக்கை சரியான சமயத்தில் வந்தது என்று நன்றி சொன்னார். தலைமை மேஸ்திரி வேலைக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். கோபத்தில் எழுதித் தள்ளியபோது இது இங்கே வந்து நிற்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அண்ணாவிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று உடனே கிளம்பிப் போனேன்.

இரண்டாம் மாடியில் முட்டி போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தலையில் கான்கிரீட் திட்டுத் திட்டாகக் காய்ந்த ஒரு பழைய மஞ்சள் ஹெல்மெட்.

"அண்ணா, நான் குடுத்த ஹெல்மெட் எங்கே?"

"பயப்பிடாதேங்கோ, பத்திரமா இருக்குது. வாங்கோ, காட்டுறன்."

கண்டெய்னருக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே என் வெள்ளை ஹெல்மெட், தமிழ்க் கடைப் பிளாஸ்டிக் பைக்குள், இரண்டு முடிச்சுப் போட்டு.

"விலை கூடின சாமான் எண்டு சொன்னீங்கள். மேல கொங்கிறீட் தெறிக்கும், பழுதாப் போயிடும். அதுதான் நீங்கள் வாற நேரம் மட்டும் போடுறனான்."

ஒரு ஜெர்மன்காரருக்கு இது தோன்றாமல் போகலாம். எனக்கு? என் வீட்டு டிவி ரிமோட் இன்றைக்கும் வாங்கிய நாள் கவரோடுதான் இருக்கிறது. சோபாவின் பிளாஸ்டிக்கை என் மகள் சண்டை போட்டுத்தான் கிழித்தாள். சிரிப்பு வாய்வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

நான் செய்து வைத்திருப்பதைச் சொன்னேன். அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அடுத்த கிழமை இன்டர்வியூவுக்கு டெர்மின் எண்டு நாள் குறிச்சுத் தந்திருந்தவை. முந்தநாள், அது இல்லையெண்டு கடிதம் வந்தது. ஏனெண்டு விளங்கேல்லை. இப்பத்தான் விளங்குது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. பிளாஸ்கை எடுத்துத் தேநீர் ஊற்றினார்.

மறுநாள் வாராந்தரக் கூட்டம். பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோய் மேஜை நடுவில் வைத்தேன். "இதுதான் ஏழாம் நம்பர். ஆறு வாரமாக இந்தப் பைக்குள் இருந்தது. நான் அளந்தது ஹெல்மெட்டை, மனிதரை இல்லை. ஆளை அடையாளம் காட்டியதும் என் தப்பு. அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்" என்றேன். மேலாளர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நம் ஆள் போட்ட முடிச்சு, அசையுமா? கத்தி கேட்டார். அப்போதுதான் கிரேன் ஓட்டுபவர் வெடித்துச் சிரித்தார், பிறகு எல்லாரும். நான் சொன்னது கூட்டக் குறிப்பில் வரிக்கு வரி ஏறும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கருத்தரங்கில் வாசிக்க வைத்திருந்த கட்டுரையும் குப்பைக்குப் போனது. என் துறையில் கொஞ்ச காலம் என்னைப் பிளாஸ்டிக் பை என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இன்டர்வியூவுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். முடிவு வந்த அன்று நான் டிராமுக்குக் காத்திருந்தபோது அண்ணா போன் செய்தார்.

"அக்கா, தந்திட்டினம்."

நடுத்தெருவில் நின்று அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் டிஷ்யூ நீட்டினார்.

ஆராய்ச்சியை விட முடியுமா? அவருடைய புதுத் தளத்துக்கே மறுபடி போனேன். இந்தத் தடவை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"நம்பர் மட்டும்தானோ, அக்கா?"

"நம்பர் மட்டும்தான் அண்ணா."

"பதவி?"

சுருக்கென்றது. "போட மாட்டேன்."

"எழுத்தில தாங்கோ."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்குக் கீழே இப்போது பதினெட்டுப் பேர். பத்திரத்தின் அடியில் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, தாளை அதற்குள் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.