எந்த இடாப்பிலும் ஏறாத பெட்டி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லிவிட்டு, கேட்டவரை அழைத்துப்போய் என் மரவேலைத்தலத்தைச் சுற்றிக் காட்டுவேன். கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாள், ஒரு சீவுளி, இரண்டு கை, இவற்றோடு தொடங்கிய இடம் அது. இன்றைக்கு அங்கே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். நல்லூர்ப் பக்கம் புது வீடுகள் எழும்புகிற தெருக்களில் என் கதவு இல்லாத ஒழுங்கையைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். எஞ்சினியர்மார் வரைபடத்தோடு வருவார்கள், நான் சொல்லுகிற இடத்தில் கோட்டை அழித்துக் கீறிக்கொண்டு போவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது பெருமைப்படுகிற விஷயம் அல்ல.

கொழும்புத்துறைப் பக்கம், கடலேரியைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சிறிய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ரீச்சர் என்னிடம் வந்தார். கழிவுப் பலகை கேட்டு வந்தவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பும் நிர்மாணமும் என்றொரு பாடம் படிப்பிக்கிறாராம். புத்தகம் இருக்கிறது, மரவேலை ஆயுதம் ஒன்றும் இல்லை.

"அப்ப சீவுளியை என்னெண்டு காட்டுறியள்?" என்று கேட்டேன்.

"படத்திலை, ஐயா."

"படத்தாலை சீவினால் பலகை வழுவழுப்பாகுமோ, ரீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான்" என்றார்.

அந்த நாட்களில் நகருக்குள் இருக்கிற ஒரு பெரிய பாடசாலைக்கும் நான் மேசை செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆயுதம் ஒரு அலுமாரி நிறைய இருந்தது, அலுமாரிக்குப் பெரிய பூட்டும் இருந்தது. எல்லாம் இடாப்பில், பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில், பதிந்த சாமான்கள். ஒரு உளி தொலைந்தால் பொறுப்பான ஆசிரியர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒருவரும் திறப்பதில்லை. இல்லாத பள்ளிக்கூடத்திலும் படம்தான், இருக்கிற பள்ளிக்கூடத்திலும் படம்தான்.

படித்தவர்கள் ஒருவருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. தேக்கில் ஒரு பெட்டி செய்தேன். நாலு சில்லு, இரண்டு மூடி. உள்ளே வாள், சீவுளி, உளி, மூலைமட்டம், சுத்தியல், துளைக்கிற மெசின் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தில் வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். ஒன்று குறைந்தால் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். ஒரு கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, பெரிய பாடசாலை; மறு கிழமை கடலோரப் பள்ளிக்கூடம். ஏற்றி இறக்க, பட்டா என்கிற என் சின்ன லொறி. எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பிலும் பெட்டி ஏறாது, அது என்னுடையது. தொலைந்தால் நான் வேறு வைப்பேன். விளக்கமும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். மூடி இரண்டிலும் என் பெயரைத் தூரத்திலிருந்தே வாசிக்கிற மாதிரி எழுதுவித்தேன்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த ஒழுங்கு நன்றாகவே ஓடியது. பெரிய பாடசாலையிலிருந்து சீவுளி பசை ஒட்டிக்கொண்டு வரும். கடலோரப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பெட்டி நான் அனுப்பியதைவிடத் துப்புரவாக இருக்கும். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு உளியையும் எண்ணெய்ச் சீலையில் சுற்றி வைப்பார்கள். நான் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. பதினொரு பிள்ளைகள், ஆளுக்கொரு நாலுகால் ஸ்ரூல் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் போய் நின்று பார்த்தேன். சட்டத்தில் வெட்டிய துளை ஒவ்வொன்றும் நேராக இருந்தது. என் ஆட்களில் இரண்டு பேருக்கு அப்படி வராது.

பிறகு ஒருநாள் ரீச்சர் திரும்பவும் வந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, உட்காராமல் கதைத்தார். பிள்ளைகள் குறைந்த, உபகரணம் இல்லாத பாடங்களை மூடப் போகிறார்களாம். கல்வி வலயத்திலிருந்து அதிகாரி ஒருவர் அடுத்த மாதம் முதற்கிழமை வந்து பார்ப்பாராம். பள்ளிக்கூடத்தில் ஆயுதம் இல்லையென்று எழுதினால் பாடம் நிற்கும், பதினொரு பேரையும் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"பெட்டி முறைவைச்சு வருதெண்டு ஒரு கடிதம் தந்தியள் எண்டால் காணும், ஐயா."

"என்ரை வாய்ச்சொல் காணாதோ?"

"எனக்குக் காணும். வாறவருக்குக் காணாது."

நான் கையெழுத்தை வடிவாக வைப்பேன், அதற்கு மேலே உள்ளதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். கல்விக் கந்தோருக்கு நானே ஒரு கடிதம் எழுதினால், அங்கே இருக்கிறவர்கள் பிழையைப் பிடித்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இத்தனை வயதுக்கு யாரிடமும் அந்தப் பயத்தைச் சொன்னதில்லை. ரீச்சருக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. "நான் எழுதிக்கொண்டு வாறன், நீங்கள் ஒப்பம் மட்டும் வையுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். அது இன்னும் சுட்டது.

"ஒப்பம் கேக்கிறவைக்கு நான் சாமான் குடுக்கிறேல்லை" என்றேன்.

அவர் புறப்படத் திரும்பினார். "அப்ப அந்தக் கிழமை பெட்டியை மட்டும் தவறாமல் அனுப்பிவிடுங்கோ, ஐயா."

"அது தவறாது."

அந்தக் கிழமைக்கு இரண்டு நாள் முன்னர் பெரிய பாடசாலை அதிபர் ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, பெட்டி இன்னும் ஒரு கிழமை இங்கை நிக்கட்டும். கண்காட்சி வைக்கிறம், அதைத்தான் நடுவிலை வைக்கப்போறம். நாடா வெட்ட உங்களைத்தான் கேக்கிறம்." அதிகாரி வருகிற கதை அவருக்குத் தெரியாது. அவரில் குற்றமில்லை. எனக்குத் தெரியும். அன்று மாலையே அவர் கொடுத்தனுப்பிய அச்சடித்த அழைப்பிதழில் என் பெயர் இரண்டு டொக்டர்மாரின் பெயருக்கு மேலே இருந்தது. ஓம் என்றுவிட்டேன்.

பட்டா ஓடுகிறவர் என்னோடு இருபது வருடம் இருப்பவர், என்னோடு எதையும் கதைப்பார். "முதலாளி, திங்கள் கொழும்புத்துறைக்கு எல்லோ?" என்று கேட்டார்.

"ஒரு கிழமை பிந்தினால் என்ன, குடி மூழ்கிப் போகுதே?"

"மூழ்கினாலும் அவைக்குத் தண்ணி கிட்டத்தானே" என்று சொல்லிவிட்டு லொறித் திறப்பை ஆணியில் கொழுவினார்.

புதன்கிழமை காலையில் பாண்ட் வாத்தியத்தோடு என்னை வாசலிலிருந்து கூட்டிப்போனார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அதிபர் பேசிக்கொண்டிருக்கையில் சேட்டுப் பையில் ரெலிபோன் அதிர்ந்தது. பொன்னாடையைத் தள்ளி எடுத்துப் பார்த்தேன், ரீச்சரின் இலக்கம். திரும்பவும் பைக்குள் வைத்தேன். மூன்று தரம் அதிர்ந்தது. மூன்றாம் தரம் நான் எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று கடலோரப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சில நாள் கழித்து ரீச்சரே சொன்னார். அதிகாரி ஆயுதங்களைக் கேட்டிருக்கிறார். முறைவைத்து வருகிறது, இந்தக் கிழமை வரவில்லை என்றிருக்கிறார் ரீச்சர். இடாப்பில் பதிவு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. கொடுக்கிறவரின் கடிதம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பதினொரு அரைகுறை ஸ்ரூல்களையும் வரிசையாக வைத்துக் காட்டியிருக்கிறார். அந்த அதிகாரி நல்லவர் போலிருக்கிறது. குனிந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்து, எதனால் வெட்டினீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "வேலை நல்லாயிருக்கு, ரீச்சர். ஆனால் நான் எதைப் பாத்து எழுதுறது?" என்றாராம்.

விஷயம் அறிந்த அன்றே நான் கடிதம் எழுதினேன். ஒருவரையும் கேட்காமல், என் கையால், ஒரு பக்கம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போய் அந்த அதிகாரியிடமே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார், சிரிக்கவில்லை. "இது அண்டைக்கு என்ரை கையிலை இருந்திருந்தால் காணும், ஐயா. இப்ப பிள்ளையளின்ரை பேரை வேறை பாடத்துக்கு மாத்தியாச்சு" என்றார். பதினொரு பேரும் விவசாயத்துக்குப் போய்விட்டார்கள். ரீச்சருக்குத் தென்மராட்சிப் பக்கம் இடமாற்றம் வந்தது.

போவதற்கு முன்னர் ரீச்சர் ஒரு தரம் கதைத்தார். கோபம் காட்டவில்லை, காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வகுப்பறையை வேறு வகுப்புக்குக் கொடுக்கிறார்கள், ஸ்ரூல்களை எடுக்க வேண்டும், பட்டாவை அனுப்ப ஏலுமா என்று மட்டும் கேட்டார். நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

"எல்லாத்தையும் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய் அரை நாளிலை முடிச்சுத் தந்திடுவன்" என்றேன். உண்மை, எனக்கு அரை நாள்கூட வேண்டாம்.

"நீங்கள் முடிச்சால் அது உங்கடை ஸ்ரூல், ஐயா. பிள்ளையளிட்டை அப்பிடியே குடுத்துவிடுங்கோ."

பலகைகளின் அடிப்பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனேன். மாலை நேரம், பிள்ளைகள் அநேகம்பேர் ரியூசன் வகுப்புக்குப் போயிருந்தார்கள். தாய்மார்தான் வந்து வாங்கினார்கள். சிலர் என்னைத் தெரியும் என்றார்கள், பெட்டிக்காரர் என்றார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். நான் அடுத்த ஸ்ரூலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கடைசி வீட்டில் ஒரு பெண் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்ரூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். துளைகள் நாலும் வெட்டியிருந்தன. இரண்டு கால்தான் பூட்டியிருந்தது.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறாளே. ஏன் ஐயா முடிக்காமல் விட்டவள்?"

பாடம் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

"அவள் விடேல்லை, பிள்ளை. நான் பெட்டியை அனுப்பேல்லை. அதிகாரி வாற கிழமையெண்டு எனக்குத் தெரியும். எனக்கு மாலை போடுறதுக்காக வேறை இடத்திலை மறிச்சு வைச்சனான். கடிதம் கேட்டவை, அதையும் குடுக்கேல்லை. அதாலைதான் பாடத்தை நிப்பாட்டினவை."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்ரூலைக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தாள். அது நிற்காமல் சரிந்தது. ஒரு கல்லை எடுத்து அண்டை கொடுத்து நிறுத்தினாள்.

"அவள் ரியூசனாலை வர ஆறு மணியாகும்" என்றாள். "இருந்து, இதை அவளிட்டையும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

நான் இருந்தேன்.