பனியில் தூங்கின கத்தரி விதை

நரசிம்மரை நம்பும் அன்பர்களே, நான் பெற்றதை நீங்களும் கேளுங்கள்.

2005 ஐப்பசி மழை. வேடந்தாங்கல் பக்கம் எங்கள் ஏரி உடைந்து, கத்தரித் தோட்டம் முழுக்க வெள்ளம். வீட்டுக்காரர் கால் முறிந்து கட்டிலில். எங்களுக்கு அந்தத் தோட்டம்தான் சோறு. சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதையும் ஊறி நாறிவிட்டது. கடையில் விதை வாங்கவும் காசில்லை. "நரசிம்மா, உனக்குக் கண்ணு கீதா இல்லியா?" என்று படத்தின் முன் நின்று சண்டை போட்டேன். அழுகைதான் வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடம் விதைத்தது போக மிஞ்சினதைக் காயவைத்து, டப்பாவில் இறுக்கி மூடி, தம்பி முருகனிடம் கொடுத்திருந்தேன், மாடித் தொட்டியில் போடட்டும் என்று. அவனுக்கு மாமல்லபுரத்தில் ஓட்டல் சமையல் வேலை. ஓடினேன்.

"போட நேரமே இல்லக்கா. பூச்சி அரிக்கும்னு ஃப்ரீசர்ல வெச்சிகீறேன்."

"அடப்பாவி! ஐஸ்ல வெச்சா வெதை செத்துப்பூடாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? மீனே கெடாம கீதே!"

வழியில் குளிர் விட்டால் விதை கெட்டுவிடுமாம், அவன் கணக்கு. மீன் பெட்டியில் ஐஸ் கொட்டி, நடுவில் டப்பாவைப் புதைத்துக் கொடுத்தான்.

"சீக்கிரம் தொறந்து பாரேன்" என்று கட்டிலில் இருந்தே அவசரப்பட்டார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் விதை முதலில் சாமி முன்னால்தான் போகும். அன்று நரசிம்மரின் நட்சத்திரமான சுவாதி வேறு. சாயங்காலம் பானகம் படைத்து முடியும் வரை மூடியைத் தொடமாட்டேன் என்றேன்.

விளக்கின் முன் டப்பா வேர்த்து வழிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் செருகியது. கடல் இரைச்சலா, சிங்கத்தின் மூச்சா, ஏதோ வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. பயமே இல்லை. சிங்கப்பெருமாள் கோயில் மலையைச் சுற்றி எங்கும் ஊதாக் கத்தரிப் பூவாகத் தெரிந்தது.

சாயங்காலம் பானகம் படைத்துவிட்டுத் திறந்தேன். டப்பாவின் வெளியே சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே விதை காய்ந்த மணல் போலக் கலகலத்தது.

நாற்றங்காலில் போட்டேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகொரு காலை, மண்ணெல்லாம் பச்சை. அங்கேயே உட்கார்ந்து விம்மினேன்.

தோட்டம் பார்க்க வந்த வேளாண் அதிகாரி எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுவிட்டு வியந்தார். "நல்லா காஞ்ச விதையம்மா, குளிர்ல சாவாது. ஆனா சில்லுனு இருக்கறப்பவே தொறந்திருந்தா ஈரம் கோத்து வீணாப் போயிருக்கும். யாரு உங்கள பொறுக்கச் சொன்னது?"

நான் உள்ளே இருந்த நரசிம்மர் படத்தைக் காட்டினேன்.

முதல் காய்களைச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சண்டை போட்ட அதே வாயால் நன்றி சொன்னேன். இப்போதும் மிஞ்சின விதை எங்கள் ஃப்ரிட்ஜில் தூங்குகிறது. உங்களுக்கும் அவசரத்தில் கை பதறும் நாள் வரும். கையில் இருப்பதை அவர் முன்னால் வைத்துவிட்டு, விளக்கேற்றிக் கொஞ்சம் உட்காருங்கள். அந்த நேரத்தில்தான் அவர் வேலை செய்கிறார்.