நடு அறைக்கு வந்த காற்று

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் எங்கள் கோவில்பட்டி வீட்டின் நடு அறையில்தான் படுத்திருந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது; மெல்லத்தான் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்னறையில் காற்று வரும். நடு அறையோ சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும். இன்னொரு ஃபேன் வாங்கி வைத்தேன். அதுவும் அதே அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. அவர் முதுகெல்லாம் வேர்க்குரு.

ஒருநாள் சாயங்காலம் கரண்டு போய்விட்டது. கொசுவுக்காக ஊதுபத்தி ஏற்றினேன். புகை எங்கும் போகாமல் கட்டிலுக்கு மேலேயே தேங்கி நின்றது. அவரைப் பார்க்க வந்திருந்த என் நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, வார காத்து வெளிய போக வழியே இல்லயே?"

கரிசல் புழுதி வருகிறதென்று பின்னறைச் சன்னலை மூடி, பீரோவை அணைத்து வைத்திருந்தோம். இருவரும் மூச்சுவாங்க அதை நகர்த்தினோம். துருப்பிடித்த கொக்கியைத் தட்டித் திறந்தேன்.

திரும்பிப் பார்த்தால், புகை சாய்ந்தது! கோடாக நீண்டு, அவரைக் கடந்து, என் தோளை உரசிக்கொண்டு சன்னல் வழியே வெளியேறியது. அவர் கண்களும் அதன் பின்னாலேயே வந்தன. கோணிய வாய் மெல்ல அசைந்தது.

"காத்து... வருது."

"அண்ணன் பேசுதாவ மதினி!" என்று நாத்தனார் அழுதுவிட்டாள்.

வரவேண்டிய நேரத்தில் பேச்சு வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டுக்குள் நடந்து போனதை அன்று பார்த்தேன். இத்தனை காலம் அது நடு அறை வாசலிலேயே நின்றிருக்கிறது.