தெருமுனையில் கேட்கும் டயர்

ராயப்பேட்டை டயர் கடையில் என் காருக்குச் சத்தம் போடாத டயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பழைய ஜீப் ஒன்றை ஓட்டிவந்து ஒரு மாமி இறங்கினார். காட்டன் புடவை, கான்வாஸ் ஷூ. அடுக்கியிருந்த டயர்களைத் தேங்காய் வாங்குவதுபோலத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் முரட்டு ரப்பர் பட்டன்கள் புடைத்த ஒன்றைக் காட்டினார்.

“அது காட்டுல ஓட்ற டயரும்மா. தார் ரோட்டுல கொய்ங்னு கத்திக்கினே வரும்,” என்றார் கடைக்காரர்.

“நன்னா கத்தட்டும். நான் தெருமுனை திரும்பறச்சயே எங்காத்துக்காரர் காதுல விழணும். அப்பதான் உள்ளே நுழையறச்சே காபி தயாரா இருக்கும். பழைய டயர் தேஞ்சு சத்தமே போயிடுத்து. இப்பல்லாம் காபிக்குக் காத்துண்டிருக்கேன்!”

எல்லோரும் சிரித்துவிட்டோம். புது டயரோடு அவர் கிளம்பிய இரைச்சல் மணிக்கூண்டு தாண்டியும் கேட்டது.

என் கார் பூனைபோல வீடு சேர்ந்தது. வாசலில் நின்று காலிங்பெல்லை அடித்துக்கொண்டே இருந்தேன்.